ஆயிரம் படிக்கு ஒரு குளியல்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதைத் தாண்டுவதற்குள் காலையில் உள்ளே போன இட்லி வெளியே எட்டிப் பார்க்கும்.

மலைமேல், அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கி அருவிக்கு இறங்கும் படிகள் 1,000-க்கும் மேல். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று இறங்குபவர் கேட்பார். மூச்சிரைக்க ஏறுபவர், “இதோ, பக்கந்தான்” என்பார். தான் ஏமாந்ததை அடுத்தவருக்குக் கைமாற்றிவிடும் திருப்தி அவருக்கு! கீழே, பள்ளத்தாக்கில், ஐயாறு சுமார் 300 அடியிலிருந்து ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. அதில் குளிர்ந்த உடம்பு, மேலே வந்து சேர்வதற்குள் வியர்வையில் இரண்டாம் குளியல் போட்டிருக்கும்.

மாசிலா அருவியும் நம் அருவியும் சின்னவை. படிகள் குறைவு, ஆகவே மரியாதையும் குறைவு. “இவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்கிய பெரியவரைத்தான் கடைசியில் வீட்டார் கையைப் பிடித்து அருவியிலிருந்து வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது.