கேள்வி-பதில்: பைலட்டுக்கு எது சொத்து?

ஏனுங்க, என்ற பையன் தனியார் விமானக் கம்பெனியில கோ-பைலட்டாச் சேரப் போறானுங்க. சம்பளத்தை விட்டுப்போட்டு 'சீனியாரிட்டி நம்பர்' பத்தியே பேசிட்டிருக்கறான். அப்படி என்னங்க இருக்குது அதுல?
*தறிக்காரர், சென்னிமலை*

விவரமான பையன். சங்கம் வலுவாக இருக்கும் கம்பெனியில், சேரும்போதே பைலட்டுக்கு வரிசையில் ஓர் எண் கிடைத்துவிடும். தீபாவளிக்கு யாருக்கு லீவு, ஊருக்குப் பக்கத்துப் பேஸ் யாருக்கு, பெரிய விமானத்துக்கு யார் முதலில் மாறுவது, காலியாகும் கேப்டன் சீட்டுக்கு அடுத்தவர் யார் என்பதெல்லாம் அந்த எண்படிதான். ஆள் குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்து தொடங்குவார்கள். திரும்பக் கூப்பிடும்போது, போனவர்களில் மூத்தவருக்கு முதல் அழைப்பு. நம் ஊர்ச் சட்டமும் இதற்கு ஒத்துப்போகிறது. கடைசியாக வந்தவரையே முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சம்பளம் இன்று ஏறும், நாளை இறங்கும். எண் கீழே இறங்காது.

அப்ப திறமைக்கு மரியாதையே இல்லீங்களா?
*கல்லூரி மாணவி, பெருந்துறை*

இருக்கிறது. எண் வரிசையில் இடம் பிடித்துத் தரும், பரீட்சை எழுதித் தராது. கேப்டனாக வேண்டுமானால் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்து ஏடிபிஎல் என்ற உயர்நிலை விமானி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். சிமுலேட்டர் சோதனையில் தேறாவிட்டால் எத்தனை மூத்தவரானாலும் வலப்பக்க சீட்டுதான். எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. மழையும் இடியுமாக இருக்கும்போது 'இப்போது கிளப்ப மாட்டேன்' என்று சொல்லும் கேப்டன், மேலதிகாரி மனம் கோணினால் பதவி உயர்வு போய்விடுமே என்று பயப்பட வேண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பது நீங்களும் நானும்தானே!

பத்து வருசம் ஓட்டிப்போட்டு வேற கம்பெனிக்குப் போனா நம்பரும் கூட வருமுங்களா?
*வாசகர், ஊத்துக்குளி*

வராது. பறந்த மணிக்கணக்கு வரும், உரிமம் வரும், எண் மட்டும் பழைய வாசலிலேயே நின்றுவிடும். கேப்டனாகவே எடுத்துக்கொண்டாலும் புதிய பட்டியலில் அவர் கடைசி ஆள். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். நம் கோவையிலிருந்து 2016இல் கிளம்பிய ஏர் கார்னிவல் மறு வருடமே தரையிறங்கிவிட்டது. கம்பெனி போனால் அங்கே சேர்த்த மூப்பும் அதோடு போயிற்று. இதில் இன்னொரு பூட்டும் உண்டு. 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட கமாண்டர், அதாவது கேப்டன், ஒரு வருடமும் கோ-பைலட் ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். சீக்கிரம் போகவும் முடியாது, போனால் மூப்பும் கிடையாது என்பது பெரிய அநியாயம்.

ரெண்டு கம்பெனி ஒண்ணாச் சேர்ந்தா யாருங்க மூத்தவரு?
*கடைக்காரர், சென்னிமலை*

வம்பே அங்கேதான். ஒரு கம்பெனியில் ஆறு வருடத்தில் கேப்டன், இன்னொன்றில் பத்து வருடம் என்று வையுங்கள். சேர்ந்த தேதியைப் பார்ப்பதா, கேப்டனான தேதியைப் பார்ப்பதா? எதை எடுத்தாலும் பாதிப் பேருக்கு வயிறு எரியும். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைந்தன. இரண்டும் அன்றைக்கு அரசு நிறுவனங்கள், இரண்டுக்கும் தனித்தனி பைலட் சங்கங்கள். மூப்பைத் தீர்க்க நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் கமிட்டி போட்டார்கள். அதன் அறிக்கை வந்த 2012இலேயே, புது ட்ரீம்லைனர் விமானத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து பைலட்டுகளுக்குப் பயிற்சி தரக்கூடாது என்று ஏர் இந்தியா பைலட்டுகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கத்தின் அங்கீகாரமே பறிபோனது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்தன. நடுவர் தந்த மூப்புப் பட்டியல் பிடிக்காத ஒரு தரப்பு, 2008இல் பழைய சங்கத்தையே ஓட்டுப்போட்டு வெளியேற்றிவிட்டது. ஆனால் இணைப்பில் மூப்பை நியாயமாகக் கலக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று அங்கே 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே விமான ஊழியர்களுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. டாடா கைக்குப் போன ஏர் இந்தியாவோடு 2024 நவம்பரில் விஸ்தாரா இணைந்ததைப் பார்த்த பிறகும் அதைக் கொண்டுவராமல் இருப்பது தவறு.

தனியார் கம்பெனியில சங்கம் வெக்க உடுவாங்களா?
*ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, ஈங்கூர்*

விருப்பத்தோடு யார் விடுவார்கள்? 2009இல் ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகள் தேசிய விமானிகள் சங்கத்தைத் தொடங்கியதும் இரண்டு பேருக்கு வேலை போனது. செப்டம்பரில் பைலட்டுகள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட, ஐந்து நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. இப்போது அந்த வழி எளிதல்ல. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

சங்கத்தைத் தடுக்க நிர்வாகத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நான்கு வருடம் கமாண்டராக இருந்தவரை 'சீனியர் கமாண்டர்' ஆக்கி நிர்வாகப் பிரிவில் சேர்க்கும் திட்டத்தை 2023இல் ஏர் இந்தியா கொண்டுவந்தபோது சங்கங்கள் கொதித்தன. நிர்வாகி ஆகிவிட்டால் சங்கத்தில் இருக்க முடியாதே! கமாண்டர் நடத்துவது விமானத்தை, கம்பெனியை அல்ல. பைலட்டும் தொழிலாளிதான் என்று டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பணக்காரங்க வாடகைக்கு எடுக்கற சின்ன ஜெட் கம்பெனியிலயும் இதேதானுங்களா?
*வாசகி, காங்கேயம்*

அமெரிக்காவின் நெட்ஜெட்ஸில் ஆமாம். அங்கே பைலட்டுகளுக்குச் சொந்தச் சங்கம் இருக்கிறது, மூப்புப் பட்டியலும் இருக்கிறது. இங்கே இரண்டு மூன்று விமானம் வைத்திருக்கும் கம்பெனியில் முதலாளி சொல்வதுதான் பட்டியல்.

சேரறதுக்கு முன்னால எதையெல்லாம் கேட்டுக்கோணும்?
*பயிற்சி பைலட், கோவை*

எண் எந்தத் தேதியிலிருந்து என்று முதலில் கேளுங்கள். வேலை உத்தரவு வந்த நாளா, பயிற்சி தொடங்கிய நாளா, பயணிகளோடு பறக்க அனுமதித்த நாளா? இதில் மாதக்கணக்கில் வித்தியாசம் வரும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதா, பயிற்சி மதிப்பெண்ணா? கேப்டன் உயர்வு எண்படியா, 'நிர்வாகத்தின் விருப்பப்படி'யா? பெண்ணாக இருந்தால் பேறுகால விடுப்பில் எண் நிற்குமா, பின்னுக்குப் போகுமா என்பதையும் கேளுங்கள். பெண் பைலட்டுகள் விகிதத்தில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் நாடு இது. அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத கம்பெனியில், நம் பெண்கள் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.