ஓசனிச்சிட்டை அத்திப்பட்டுக்கு வரவழைப்பது எப்படி?

தேவையான பொருட்கள்: செம்பருத்திக் கன்று ஒன்று, காலியான பெயின்ட் வாளி ஒன்று, கொஞ்சம் செம்மண், அதே அளவு தொழு உரம், யூடியூப் ஓடும் செல்போன், பொறுமை. கடைசிப் பொருள் மீஞ்சூர் கடைத்தெருவில் கிடைக்காது. வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

முன்குறிப்பு: 2001-இல் வந்த ‘சிட்டிசன்’ படத்தில் காணாமல் போன ஊர் அத்திப்பட்டி. நம்முடையது சென்னைக்கு வடக்கே, மீஞ்சூர் பக்கத்து அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கல் இன்றைக்கும் நின்றுதான் போகிறது. ஆகவே தைரியமாகச் செடி நடலாம்.

படி 1: பறவையைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் பார்த்த வீடியோவில் ஒரு குட்டிப் பறவை அந்தரத்தில் நின்றபடி செம்பருத்தியில் தேன் குடித்தது. அது ஓசனிச்சிட்டு. உலகில் 350-க்கும் மேற்பட்ட ஓசனிச்சிட்டு வகைகள் உள்ளன. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில். இறக்குமதி செய்யலாமே என்றால், காமராஜர் துறைமுகம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. 2001-இல் அது திறந்ததிலிருந்து நிலக்கரி இறங்குகிறது, பிறகு கார்களும் ஏறத் தொடங்கின. சிட்டு இறங்கியதாகத் தகவல் இல்லை.

“நேத்து சாயங்காலம் எங்க வீட்டுச் செடியிலயே பார்த்தேன்” என்று சத்தியம் செய்கிறவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் உண்டு. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பார்த்தது நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் ஒருவகை அந்துப்பூச்சி. பகலிலும் பறக்கும். பார்வைக்கு ஓசனிச்சிட்டேதான்.

நமக்கு எழுதி வைத்திருப்பது தேன்சிட்டு. பத்து கிராம் எடை இருந்தால் அதிகம். மாப்பிள்ளை ஊதாவில் மினுங்குவார், பெண் மங்கலான மஞ்சளில் இருப்பார். இவர் பெரும்பாலும் அந்தரத்தில் நின்று சாப்பிட மாட்டார், உட்காரக் கிளை வேண்டும். உங்கள் பைக் கண்ணாடியில் தெரியும் உருவத்தை எதிரி என்று எண்ணிக் காலை முழுக்கக் கொத்துவதும் இவரே. கண்ணாடிமேல் பழைய துணியைப் போர்த்துங்கள். இரு தரப்புக்கும் நிம்மதி.

படி 2: கன்றில் ஏமாறுங்கள்

ஆந்திராவின் கடியம் நர்சரிக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு தெருவில் ஒரு குட்டி யானை வண்டி வரும். “சார், ஹைப்ரிட்டு சார், சாப்பாட்டுத் தட்டு சைஸுக்குப் பூக்கும்” என்பார். வாங்கி வாசலில் வைத்தால் செல்ஃபிக்கு அருமையாக இருக்கும். அடுக்குச் செம்பருத்தி என்றால் இன்னும் விசேஷம்: மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறி, தேன் இருக்கும் அடிப்பகுதியை மறைத்துவிடும். பட்டாம்பூச்சி வந்து, வாசலிலேயே நின்று, திரும்பிப் போகும்.

ஏமாற விருப்பமில்லாதவர்கள் பக்கத்து வீட்டு ஒற்றையடுக்குச் சிவப்பு நாட்டுச் செம்பருத்தியில் பென்சில் பருமனில் ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். இந்தச் செம்பருத்தி பொதுவாக விதை பிடிக்காது. ஊரில் பூக்கும் செடிகளில் பெரும்பாலானவை இப்படி யாரோ யாரிடமோ கேட்டு வாங்கிய குச்சிகளே.

விரியாமல் மொட்டாகவே தொங்கும் ‘மிளகாய்ச் செம்பருத்தி’யும் நல்ல தேர்வு. மெக்சிகோ பக்கத்துச் செடி, ஓசனிச்சிட்டுக்காகவே அமைந்த பூ. செடி வந்துவிட்டது, பறவை வரவில்லை. நம் தேன்சிட்டு அதற்கும் வழி வைத்திருக்கிறது: பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்ளும். மகரந்தம் சுமக்கும் வேலையெல்லாம் கிடையாது. லோக்கல் ரயிலில் டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் சீட்டில் உட்கார்வது மாதிரி.

படி 3: தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் எந்தத் தண்ணீர்?

மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால், கடல் நீர் உள்ளே ஏறி அரை நூற்றாண்டாகிறது. போர் தண்ணீரை நம்பினால் இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடுகிற சிக்கனக்காரர்கள், பிரித்தெடுத்த உப்பைப் பொறுப்பாகத் தொட்டியில் சேர்க்கிறார்கள். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை உண்டு. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் வீட்டில் செடி வையுங்கள்.

இல்லையென்றால் மழைநீர், அரிசி கழுவிய நீர், ஏசி சொட்டும் நீர். வாளியின் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம்.

படி 4: இலையைக் குளிப்பாட்டுங்கள்

இந்தப் பகுதியில் அனல்மின் நிலையங்களுக்குக் குறைவில்லை. வல்லூரில் மட்டும் 1,500 மெகாவாட். காலையில் இலைமேல் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தால், எந்தப் புகைபோக்கியின் அன்பளிப்பு என்று ஆராயாமல் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். “சாம்பல் செடிக்கு உரம்தானே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தாத்தா போட்டது விறகு அடுப்புச் சாம்பல். இது நிலக்கரிச் சாம்பல், கன உலோகங்களும் கலந்தது. மண்ணில் காரத்தன்மை ஏறினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போய், நரம்பு பச்சையாக இருக்க இளந்தளிர் மஞ்சளாகும். கண் திருஷ்டி என்று பொம்மை கட்டினாலும் அது பச்சையாகாது. வருடத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றித் தொழு உரம் சேருங்கள்.

படி 5: மருந்தடித்துத் தோட்டத்தைக் காலி செய்யுங்கள்

செம்பருத்தி இருந்தால் மாவுப்பூச்சி வரும். அதன் இனிப்புக் கழிவை நக்க எறும்பு வரும். உடனே கடைக்கு ஓடி, இருப்பதிலேயே வீரியமான மருந்தை வாங்கி அடித்தால் பூச்சி சாகும். கூடவே பட்டாம்பூச்சி சாகும். பூச்சியும் சிலந்தியும் ஊட்டித்தான் தேன்சிட்டு குஞ்சு வளர்க்கிறது என்பதால் அந்தக் குடும்பமும் வேறு தெரு பார்க்கும். தோட்டம் சுத்தமாகிவிடும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசியபோது, மருந்து பெரிதாக உதவவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட குட்டி ஒட்டுண்ணிக் குளவிகள்தான் கதையை முடித்தன. வீட்டுச் செடிக்கு, பூச்சி பிடித்த நுனியைக் கவாத்து செய்து, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

ஒட்டடையையும் முழுதாக அடித்துவிடாதீர்கள். தேன்சிட்டு கூடு கட்டும் பசை அதுதான். வீட்டில் கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

படி 6: விடியற்காலை விருந்தாளியைச் சமாளியுங்கள்

செம்பருத்தி காலையில் விரியும், பெரும்பாலும் ஒரே நாள்தான் வாழும். தேன்சிட்டுக்கும் முன்பாகக் கையில் பாலிதீன் பையோடு ஒருவர் வருவார். “தம்பி, சாமிக்குத்தான், ரெண்டே ரெண்டு பறிச்சிக்கிறேன்” என்பார். பை நிறைந்த பிறகும் அந்தக் கணக்கு இரண்டாகவே இருக்கும். அடுத்தவர் தலைக்கு எண்ணெய் காய்ச்ச வருவார். சாமிக்கும் தலைமுடிக்கும் நடுவில் சிட்டுக்கு மிச்சம் ஏதுமில்லை. எதிர்ப்பு வீண். ஆளுக்கொரு குச்சி வெட்டிக் கொடுத்துவிடுங்கள். நாலு வீட்டில் செடி வந்தால் உங்கள் பூ பிழைக்கும்.

படி 7: புழுவை வெறுத்துப் பட்டாம்பூச்சியை நேசியுங்கள்

பட்டாம்பூச்சி எல்லோருக்கும் பிடிக்கும், அதன் பிள்ளையைப் பார்த்தால் துடைப்பம் தேடுவார்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது கறிவேப்பிலை அழகியின் புழுவாக இருக்கலாம். எருக்கிலையில் வரிவரியாக இருப்பது வெந்தய வரியன். ரசத்துக்கு நாலு இலை குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனுக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். அது மலைக்காட்டு ஆள்.

காலி மனையில் துத்தி மஞ்சளாகப் பூத்து நிற்கும். செம்பருத்தியின் பங்காளி, காசு கேட்காது, உரம் கேட்காது. அதைக் ‘குப்பை’ என்று ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த வாரம் குட்டி யானையில் ஹைப்ரிட் வாங்குவதே இன்றைய தோட்டக்கலை.

கடைசிப் படி

இத்தனையும் செய்ய முடியாதவர்கள் ஒரே ஒரு பூவரசம் போத்தை ஐப்பசி மழைக்கு முன் வாசலோரம் ஊன்றுங்கள். அதுவும் செம்பருத்திக் குடும்பம். கடற்கரை மரம் என்பதால் உப்புத் தண்ணீருக்கும் உப்புக் காற்றுக்கும் அஞ்சாது. காலையில் மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்து உதிரும். தேனீ வரும், தேன்சிட்டு வரும், பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்கள். ஆடு கடிக்காமல் முதல் வருடம் முள் கட்டி வையுங்கள். பிறகு உங்கள் உதவி அதற்குத் தேவைப்படாது.