பொறியாளருக்குப் பற்று-வரவு வருமா?

கேள்வி: மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். நிதித்துறைக்கு மாற ஆசை. சி.ஏ.வா, சி.எஃப்.ஏ.வா? காமர்ஸ் படிக்காதது குறையா?
- ஒரு வாசகி, அரியூர் நாடு, கொல்லிமலை

பதில்: குறையே இல்லை! ரகுராம் ராஜன் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்தது எலெக்ட்ரிக்கல். 2013-இல் ரிசர்வ் வங்கி ஆளுநராகி, ரூபாய் நோட்டிலேயே கையெழுத்துப் போட வந்துவிட்டார். உங்கள் மாவட்டத்து மோகனூர்க்காரர் என். சந்திரசேகரன் கணினி படித்தவர். 2016-இல் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார்.

பட்டப்படிப்பில் 60 சதவீதம் இருந்தால் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரே சேரலாம். ஆனால் ஆடிட்டரிடம் 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி உண்டு. இப்போதைய சம்பளத்தை மறந்துவிட வேண்டும். சி.எஃப்.ஏ. மூன்று நிலைத் தேர்வு. வேலையில் இருந்தபடியே எழுதலாம், கட்டணம்தான் டாலரில். பங்கு, முதலீட்டு ஆய்வு என்று நகரத்துக்குப் போவதானால் அது சரி. மலையிலேயே அலுவலகம் போட்டு மிளகு, காபி விவசாயிகளுக்கு வரி, கணக்கு பார்க்கும் எண்ணம் இருந்தால் சி.ஏ.தான். என் ஓட்டும் அதற்கே. மலைக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

கணிதம் உங்களை மிரட்டாது, பற்று-வரவு மிரட்டும். பணம் கட்டும் முன் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11-ஆம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் கையால் போட்டுப் பாருங்கள். தூக்கம் வராமல் சுவாரசியம் வந்தால் உடனே சேருங்கள்.