குத்துவிளக்குக்குப் புளி

கேள்வி: பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு கறுத்துப்போய்விட்டது. அதிகச் செலவின்றித் துலக்க உபாயம் உண்டா?

பதில்: குழம்புக்குக் கரைத்தபின் தாங்கள் எறிந்துவிடுகிற புளிச்சக்கையே அந்த உபாயம்! ஆன்மாவைப் பற்றிய மலத்துக்குச் செம்பின் களிம்பைத் திருஷ்டாந்தம் காட்டினார்கள் சைவ சித்தாந்திகள். ஆன்மாவின் களிம்பு நீங்க ஈசனருள் வேண்டும், விளக்கின் களிம்புக்கோ ஒரு பிடி புளி போதும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையின்மேல் காற்றும் ஈரமும் காலக்கிரமத்தில் படியவைக்கும் கருமையைப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைத்துவிடுகிறபடியால், முதலில் வெந்நீரும் சீயக்காயும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பிறகு புளியோடு சிறிது உப்புச் சேர்த்து மென்மையாகத் தேய்த்தீர்களானால், பாட்டி ஏற்றிய காலத்துப் பிரகாசம் மீண்டும் தங்கள் கூடத்தில் குடிகொள்ளும்.

ஆனால் சிரத்தை மிகுந்து புளியை இராமுழுதும் பூசிவைத்துவிடாதீர்கள். துத்தநாகம் கரைந்துபோய், பொன்னிறம் மங்கிச் செந்நிறம் தலைகாட்டும். தேய்த்தவுடன் அலம்பி, ஈரமறத் துடையுங்கள்.

வெள்ளிக் குங்குமச்சிமிழும் இருக்கிறதா? அதற்குப் பூஜையறை விபூதியே போதும். மிருதுவான துணியில் தொட்டுத் துடைக்கலாம். வெள்ளி முலாம் மட்டும் பூசியதென்றால் அழுத்தித் தேய்க்காதீர்கள், முலாமே போய்விடும்.