500 கிலோமீட்டர் விரதம்

டிசம்பர் 24 முதல் 31 வரை 500 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கும் ‘ஃபெஸ்டிவ் 500’ ஒரு மேலான விரதம். 2010-இல் பிறந்தது, அதற்கு முன் மனிதகுலம் சைக்கிளை வீணடித்துக்கொண்டிருந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறலாம். இறங்கியதும் ஆம்பூர் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். எரித்த கலோரியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது அழகா?

டிபன் கேரியர் ஹேண்டிலில் ஆட, மகளுக்கு அரசு தந்த விலையில்லா சைக்கிளில் தோல் ஷாப்புக்கு மிதிப்பவரை மட்டும் இதில் சேர்க்க முடியாது. பாலாற்றுப் பாலத்து எதிர்க்காற்றில் எழுந்து நின்றுதான் மிதிக்கிறார். ஆனால் மிதித்த தூரத்தைப் பதியும் செயலி? கிடையாது. ஆகவே அவர் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

பைபாஸில் ஒரு வீரருக்குச் செயின் கழன்றது. மாட்டிக்கொடுத்து, கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டவர் அவரேதான். செயலியில் பாராட்டு குவிகிறது, வீரருக்கு. ஷிப்டுக்குப் பிந்தியதில் இவருக்கு அரைநாள் கூலி கட்.