அண்ணாச்சி பதில்கள்: நாலு எட்டு வைக்க முடியுதா?

இந்த வாரம் கடிதங்களைப் பிரித்தால் எல்லாம் ஒரே பனி. பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் போன ஊர்களில் லீவு விட்டால் மலையேறிச் சறுக்குகிறார்களாம். விழுகிறார்களாம். விழுந்ததை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத" என்கிறார்களாம். அம்மாவும் அப்பாவிடம் சொல்லாமல் எனக்கு எழுதுகிறார். அதனால் பெயர்களை எடுத்துவிட்டேன். ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஊரை வைத்து ஆளைக் கண்டுபிடித்தால் அது உங்கள் சாமர்த்தியம்.

பனிச்சறுக்குக்கும் தாமிரபரணிக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேரன்மகாதேவி*

பனியில் சம்பந்தம் இல்லை. மார்கழிக் காலையில் நம்மைத் தலையில் துண்டு கட்ட வைப்பதும் 'பனி', ஆல்ப்ஸ் மலையில் ஆளையே மூடுவதும் 'பனி' என்று தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சிக்கனம் பண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். சறுக்கில் சம்பந்தம் உண்டு. பாபநாசத்தில் இருந்து கீழே வரவர எத்தனை படித்துறை! ஒவ்வொன்றிலும் கடைசிப் படியில் பாசி. அதில் ஒருமுறையாவது சறுக்காதவர் ஆற்றில் குளித்தவர் இல்லை, பைப்படியில் குளித்தவர். நாம் பலகை கட்டாமல் சறுக்குகிறோம், அவர்கள் காசு கொடுத்துப் பலகை கட்டிச் சறுக்குகிறார்கள். இங்கே விழுந்தால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று ஆட்டோக்காரருக்குத் தெரியும். அங்கே விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரியும் தெரியாது, அதன் பில்லும் தெரியாது. முழங்கால், மணிக்கட்டு, மண்டை மூன்றும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் மகன் சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறான். டாக்டரிடம் போனால் காசைப் பிடுங்கிவிடுவார்கள், ரெண்டு நாள் பார்க்கிறேன் என்கிறான். போகச் சொல்லவா, விட்டுவிடவா?
*– ஒரு அம்மா, வீரவநல்லூர்*

அம்மா, அவனை நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்தால் 'முப்பத்திரண்டு' என்பார், காதில் வாங்காதீர்கள். இடது, வலது, இடது, வலது. நொண்டினாலும் பரவாயில்லை, காலில் பாரம் இறங்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கனடாவின் ஒட்டாவா நகரத்தில் இயன் ஸ்டீல் என்ற அவசரச் சிகிச்சை மருத்துவரும் அவர் குழுவும் 1992-இல் கணுக்காலுக்கு ஒரு விதி வகுத்தார்கள், 1995-இல் முழங்காலுக்கு. கால் பிசகி வருகிறவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு எலும்பு நன்றாகவே இருந்தது. அப்படியானால் யாருக்கு எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்டார்கள். முழங்கால் விதியில் ஐந்தே கேள்விதான். வயது 55 அல்லது அதற்கு மேலா? முழங்கால் சிப்பியைத் தொட்டால், அங்கே மட்டும் வலிக்கிறதா? முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பை அமுக்கினால் வலிக்கிறதா? முழங்காலை 90 டிகிரி மடக்க முடியவில்லையா? விழுந்த உடனேயும் இப்போதும் நாலு எட்டு வைக்க முடியவில்லையா? ஐந்தில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எக்ஸ்ரேக்குப் போக வேண்டியதுதான். கணுக்காலுக்கும் இதே நாலு எட்டு உண்டு. அதோடு இரண்டு பக்கக் கணுக்கால் முட்டியிலும் பின்விளிம்பில் 6 சென்டிமீட்டர் வரை அமுக்கிப் பார்க்கச் சொல்வார்கள். குடித்திருந்தாலோ, கால் மரத்துப் போயிருந்தாலோ இந்தச் சோதனை செல்லாது. மகன் குடிப்பானா என்று நான் கேட்கவில்லை, விதியைச் சொன்னேன்.

ஒன்று கவனியுங்கள். நாலு எட்டு வைத்துவிட்டான் என்றால் அநேகமாக எலும்பு தப்பித்தது. ஆனால் ஜவ்வும் தப்பித்தது என்று அர்த்தமில்லை. பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவதே முழங்கால் ஜவ்வுதான். பலகை ஒரு பக்கம் திரும்பும், உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும், நடுவில் மாட்டுவது முழங்கால். 'டப்' என்று சத்தம் கேட்டதா, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்ளேயே வீங்கியதா என்று கேளுங்கள். கேட்டது, வீங்கியது என்றால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கு அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படுவது அபூர்வம். வீக்கம் வடிந்து, மடக்கி நீட்ட வந்தபிறகு சாவகாசமாகச் செய்வதே வழக்கம். ஆக, அவன் சொல்லும் 'ரெண்டு நாள்' முழுத் தப்பு இல்லை.

எப்போது தப்பு? கால் கோணியிருந்தால், பாதம் சில்லிட்டோ வெளுத்தோ மரத்தோ போனால், முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் நீட்ட வராமல் நின்றுவிட்டால். அப்போது இரண்டு நாள் என்ன, இரண்டு மணி நேரம்கூடப் பார்க்கக் கூடாது.

புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போடச் சொன்னேன். பேத்தி ஐஸ் வைக்கிறாளாம். யார் சொல்வது சரி?
*– ஒரு ஆச்சி, கல்லிடைக்குறிச்சி*

முதல் இரண்டு நாளுக்குப் பேத்தி சொல்வது சரி ஆச்சி. புதுக் காயத்தில் சூடு பட்டால் வீக்கம் கூடும். அவள் இருக்கும் இடத்தில் புளிக்குப் பஞ்சம், ஐஸுக்குப் பஞ்சமில்லை. துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், வெறும் ஐஸ் தோலைப் புண்ணாக்கும்.

நான் காலால் பிறந்தவன். ஊரில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மருமகனுக்கு வீடியோ காலில் வழித்துவிட முடியுமா?
*– முக்கூடல் வாசகர்*

வீடியோ காலில் வழிப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். நேரில் வழிக்கும்போதுதான் எனக்குப் பயம்.

சொந்தக் கதை ஒன்று. பல வருஷத்துக்கு முன் கருப்பந்துறைப் பக்கம் படித்துறையில் சறுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு "ஒண்ணுமில்ல" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வீட்டில் நல்லெண்ணெய் போட்டு வழித்தார்கள். பத்துப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்தும் பூட்டைத் திருக முடியாமல் போய் எக்ஸ்ரே எடுத்தால், மணிக்கட்டில் முந்திரிப் பருப்பு அளவு எலும்பு ஒன்று முறிந்திருந்தது. கட்டைவிரலை விறைப்பாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும் பாருங்கள், அந்தக் குழிக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் அதில்தான் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுவாராம், அதனால் மருத்துவப் புத்தகத்திலேயே அந்தக் குழிக்குப் பொடிடப்பி என்று பெயர். கையூன்றி விழுந்து, பொடிடப்பியை அமுக்கினால் வலிக்கிறது என்றால் அது சுளுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் சில நேரம் தெரியவே தெரியாது. பத்துப் பதினான்கு நாள் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். என் கை இன்றைக்கும் முழுதாக மடங்காது. வழித்தவர் மேல் குறையில்லை, முறிந்ததைச் சுளுக்கு என்று சொன்னவன் நான்.

மருமகன் சறுக்கும்போது ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுந்திருந்தால் கட்டைவிரல் அடியில் ஜவ்வும் போயிருக்கலாம். பேனாவை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்று கேளுங்கள்.

வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டாராம். தம்பி 'நாலு' என்றானாம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.
*– அக்கா ஒருவர், பத்தமடை*

நம்ம பக்கம் வளர்ந்த பையன் வேறு எத்தனை சொல்வான்? கையே கழன்று விழுந்தாலும் 'பரவால்ல' என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். அங்கே அது அடக்கம் இல்லை, வரிசை எண். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

முறிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பேசாமல் பிளேன் ஏறி ஊருக்கு வந்து, கட்டுப் போட்டுக்கொண்டால் என்ன?
*– மளிகைக்கடை அண்ணாச்சி, அம்பாசமுத்திரம்*

பிளேன், நெல்லை எக்ஸ்பிரஸ் இல்லை. புதிதாக மாவுக்கட்டுப் போட்டவரை ஏற்றத் தயங்குவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது பல விமானக் கம்பெனிகளின் கணக்கு. உள்ளே கால் வீங்க, கட்டு இறுகி, ரத்த ஓட்டம் நின்றுபோகும் என்ற பயம்தான். அவசரம் என்றால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டு அனுப்புவார்கள். பத்து மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அதற்கு ஊசி வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வந்தபிறகு எங்கே என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் வந்தது, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. ஒரு வருஷ இடைவெளியில் இரண்டையும் வைத்து, மாமாவை ஒரு வாசலுக்கும் அத்தையை ஒரு வாசலுக்கும் இழுக்க விட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு சித்தப்பா, எலும்புக் கட்டுப் போட ஆந்திரத்துப் புத்தூருக்குக் கார் பிடிக்கலாம் என்பார். என் கட்சி இதுதான்: எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் கட்டுப் போட வேண்டாம். கட்டுப் போட்டபின் விரல் நுனி கறுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி வந்தாலோ, போட்டவர் யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே அவிழ்க்க வேண்டும். இறுக்கக் கட்டிய கட்டால் கையே சூம்பிப்போன பிள்ளைகளை நம் ஊர் எலும்பு டாக்டர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி, காசு?
*– வண்ணார்பேட்டை வாசகர்*

இதைத்தான் எல்லோரும் கேட்க நினைத்தார்கள், நீங்கள் கேட்டுவிட்டீர்கள். தேசத்துக்குத் தேசம் மாறும். வீரவநல்லூர் அம்மாவின் மகன் அங்கே வேலை பார்க்கிறான் என்றால் காசுக்குப் பயப்படுவதே வேலையற்ற வேலை. சுவிட்சர்லாந்தில் ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு, லீவில் விழுந்தாலும் விபத்துக் காப்பீடு உண்டு. படிக்கிற பிள்ளை என்றால் அவனுடைய மருத்துவக் காப்பீட்டில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் முதல் 300 பிராங்கில் இருந்து 2,500 பிராங்க் வரை, அவன் தேர்ந்தெடுத்த அளவுக்கு, கைக்காசு போகும். மாதப் பிரீமியம் குறையுமே என்று 2,500-ஐத் தேர்ந்தெடுத்தவன்தான் இப்போது 'ரெண்டு நாள் பார்க்கிறேன்' என்பான்.

இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு அரசு ஆஸ்பத்திரியில் யாரிடமும் காசு வாங்குவதில்லை. வார்டில் சேர்த்தால் சுற்றுலா வந்தவருக்கு மீட்டர் ஓட ஆரம்பிக்கும். அமெரிக்காவில் வாசலிலேயே மீட்டர் ஓடும்.

சுற்றுலாப் போகிறவர் கையில் பாலிசி இருக்கும். ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பாலிசியில் பனிச்சறுக்கு 'சாகச விளையாட்டு' என்று ஒதுக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் தனியாகப் பணம் கட்டினால்தான் சேர்ப்பார்கள். சேர்த்திருந்தாலும், சறுக்குப் பாதையின் எல்லைக் கொடி தாண்டிப் போய்ச் சறுக்கினால் கை விரிக்கும் கம்பெனிகள் உண்டு. இன்னொன்று, ஆல்ப்ஸில் மலையில் இருந்து இறக்கிவிட வருகிறார்களே, அந்த ஹெலிகாப்டருக்குத் தனி பில். நம்ம 108 மாதிரி இலவசம் என்று நினைத்துக் கையசைத்துவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், பில்லை மறந்து இரண்டு கையையும் அசைக்கலாம்.

கடைசியில் அப்பாவிடம் எப்போதுதான் சொல்வது?
*– வீரவநல்லூர் அம்மாவே, அடுத்த கடிதத்தில்*

நாலு எட்டு வைத்த பிறகு.

தலையில் லேசாக இடித்துக்கொண்டாளாம். சிரித்துக்கொண்டேதான் பேசுகிறாள். ஒன்றுமில்லைதானே?
*– அப்பா ஒருவர், மேலப்பாளையம்*

இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பதிலை அச்சுக்குக் காத்திருக்க விடாமல் போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

2009 மார்ச் 16. கனடாவின் மோன் டிராம்ப்ளான் மலை. நடாஷா ரிச்சர்ட்சன் என்ற நடிகை, 'டேக்கன்' படத்து லியம் நீசனின் மனைவி, புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது விழுந்தார். ஹெல்மெட் இல்லை. எழுந்தார், சிரித்தார், பேசினார். ஆம்புலன்ஸ் வந்தது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஹோட்டல் அறைக்குப் போனபிறகு தலைவலி தொடங்கியது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. இரண்டு நாளில், மார்ச் 18 அன்று, நியூயார்க்கில் இறந்துபோனார். வயது 45. மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. இந்தக் காயத்தின் குணமே அதுதான். நடுவில் ஒரு தெளிவான நேரத்தைக் கொடுக்கும். அந்த நேரத்தில் ஆள் காப்பி குடிப்பார், ஜோக் அடிப்பார், 'ஒண்ணுமில்ல' என்பார். ரத்தம் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும்.

அவர் விழுந்தது மலை உச்சியில் இருந்து இல்லை, கற்றுக்குட்டிகள் சறுக்கும் மேட்டில். நம் ஊரில் பைக்கில் இருந்து மெதுவாகச் சரிந்து, தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கி, காலையில் எழாதவர் கதை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

நாலு எட்டு விதி சொன்ன அதே ஒட்டாவா மருத்துவர், 2001-இல் மண்டைக்கும் ஒரு விதி சொன்னார். சற்று நினைவு தப்பியவர், விழுந்தது ஞாபகம் இல்லாதவர், குழம்பிப் பேசியவர் ஆகியோரில் யாருக்கு ஸ்கேன் என்பதற்கான விதி அது. இரண்டு முறை வாந்தி எடுத்தாலும், வயது 65-ஐத் தொட்டிருந்தாலும் ஸ்கேன். விதியை மனப்பாடம் செய்யாவிட்டால் பாதகமில்லை. தலைவலி ஏறிக்கொண்டே போனால், தூக்கம் தூக்கமாக வந்தால், சொன்னதையே திரும்பச் சொன்னால், ஒரு கை சோர்ந்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், போனை வைத்துவிட்டு அவசர எண்ணை அழைக்க வேண்டும். ஐரோப்பாவில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. காசு, பாலிசி, அப்பா எல்லாம் அப்புறம். முதல் ராத்திரி தனியாக ஒரு அறையில் விடக் கூடாது.

மேலப்பாளையத்து மகள் ஸ்கேன் எடுத்துவிட்டாள். சுத்தமாக இருக்கிறதாம். செலவு எவ்வளவு என்று அப்பா இன்னும் கேட்கவில்லை.

மறுபடியும் எழுதுகிறேன். பேத்தி அடுத்த மாதமும் சறுக்கப் போகிறாளாம். என்ன கொடுத்தனுப்ப?
*– அதே ஆச்சி, கல்லிடைக்குறிச்சி*

நீங்கள் நம்ம ஊர் அப்பளத்தை ஒன்றுகூட உடையாமல் கடல் தாண்டி அனுப்பியவர் என்று கடிதத்திலேயே பெருமைப்பட்டிருக்கிறீர்கள். தகர டப்பா, அதற்குள் துணி, துணிக்குள் அப்பளம். பேத்தியின் தலைக்கும் அதே மாதிரி ஒரு டப்பா வேண்டும் என்று சொல்லுங்கள். இங்கிருந்து அனுப்ப வேண்டாம் ஆச்சி. பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடையிலேயே ஹெல்மெட்டும் வாடகைக்குக் கிடைக்கும்.