சும்மாதானுங்

மொத்த ஆர்டரில் 14 பீஸ்தான் ரிஜெக்ட். நெதர்லாந்துக்குப் போகிற டி-சர்ட். நெஞ்சில் மரங்கள், மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற ஒரு பாதை, பாதையில் சைக்கிள் விடுகிற ஒரு வெள்ளைக்காரர், அடியில் அவர்கள் பாஷையில் ஒரு வரி. 'வண்டி வராத வழி' என்று அர்த்தம் என மெர்ச்சண்டைசர் தம்பி சொன்னான். பிரிண்டிங்கில் ஸ்கிரீன் நகர்ந்ததால் இந்த 14 பீஸில் மட்டும் முன்சக்கரம் சைக்கிளைவிட்டு அரை இஞ்ச் தள்ளி விழுந்திருந்தது. மனிதர் அதைக் கவனிக்கவில்லை. சிரித்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். 26 வருசமாகச் செக்கிங் டேபிளில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. கேட்டு ஒரு பீஸ் வாங்கி வந்துவிட்டேன்.

"ஏனுங்க, இந்த ஆளு உழுகப் போறான்" என்றாள் வீட்டுக்காரி, பார்த்ததும்.

மெர்ச்சண்டைசர் தம்பிக்கு நெதர்லாந்து பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் எடுக்கக் கூடாது என்று அங்கே அரசாங்கமே சொல்லிவிட்டதாம். ஜனங்கள் நெடுஞ்சாலையில் இறங்கிச் சைக்கிள் விட்டார்கள். குழந்தைகள் காரில் அடிபட்டுச் சாகிறார்கள் என்று பெற்றவர்கள் தெருவுக்கு வந்து போராடியதும் அதே காலத்தில்தான். இன்று அங்கே தலையை எண்ணினால் வருவதைவிடச் சைக்கிளை எண்ணினால் அதிகம். நம் பக்கம் தலைகளைவிட அதிகமாக இருப்பது பனியன் ஒன்றுதான்.

எனக்கும் அப்படியொரு வழியில் சைக்கிள் விட ஆசை வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கிற சகலை மகனும் தன் பங்குக்கு வீடியோ அனுப்பினான். மலேசியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ரயில் பாதையை 2011-இல் நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, 24 கிலோமீட்டருக்கு நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை ஆக்கியிருக்கிறார்கள். "நீங்களும் அங்க இப்படி ஒண்ணு பாருங்க பெரியப்பா" என்றான். எங்கள் அவிநாசி ஊருக்குள் ரயிலே வந்ததில்லை. வராத ரயிலின் தண்டவாளத்தை எங்கே போய்ப் பிடுங்குவது?

எங்கள் ஊரில் இருப்பது பைபாஸ். சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகிற 544-ஆம் நம்பர் நெடுஞ்சாலை. கண்டெய்னர் லாரிகள் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன, அதில் பாதிக்கு நான்தான் செக்கிங் முடித்துக் கொடுத்திருப்பேன். திருப்பூர் ரோட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலை எட்டேகாலுக்குக் கம்பெனி வேன், கம்பெனி பஸ், டிபன் கேரியர் மாட்டிய டூவீலர் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்குப் போவதுபோலப் போகும். அங்கே சைக்கிளில் இறங்குகிறவனுக்கு அவிநாசியப்பரே துணை.

யோசித்துப் பார்த்தால், வண்டி வராத வழி எங்கள் பக்கம் ஒரு காலத்தில் இருந்துதான் இருக்கிறது. இங்கிருந்து அஞ்சு கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாக அந்த வழியே வந்த சுந்தரரை, சிவபெருமானே பூதகணங்களை வேடர் வேசத்தில் அனுப்பிக் கொள்ளையடிக்கச் செய்தார் என்பது தலபுராணம். ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தால் அப்படி நடந்திருக்குமா? சுந்தரர் பதிகம் பாடி அத்தனையையும் திரும்ப வாங்கினார். அவிநாசியில் முதலை விழுங்கிய பையனையே பாடி மீட்டவர், அவருக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. பாடத் தெரியாத நான் எந்தத் தைரியத்தில் கிளம்புவது?

அப்போதுதான் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் ஊர் இட்டேரி ஞாபகம் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு விட்ட தடம்தான் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை. ஒரு கொம்பை ஒடித்து நட்டால் அதுபாட்டுக்கு வேலியாகிவிடும். அதன் மேல் கோவைக்கொடி, பிரண்டை, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி எல்லாம் கேட்காமலே ஏறிக்கொள்ளும். வேலிக்குள் கீரி, ஓணான், கௌதாரி என்று தனிக் குடித்தனங்கள். நடுவே புல், இரண்டு ஓரமும் சக்கரம் பதிந்த பள்ளம். கவர்மெண்ட் புலப்படத்தில், அதாவது எஃப்எம்பியில், இதற்கு வண்டிப்பாதை என்று பெயர்.

சேவூர் ரோட்டுக்கும் கருவலூர் ரோட்டுக்கும் நடுவே இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. பாதி தார் ரோடாகிவிட்டது. மீதியில் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு முழம், அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு முழம் என்று வேலியை நகர்த்தி நகர்த்தி, மாட்டு வண்டி அகலத்தில் இருந்த தடம் மாட்டின் அகலத்துக்கு வந்துவிட்டது. கிளுவை போய்க் கல்லுக்காலும் கம்பியும் வந்த இடங்களும் உண்டு. இருந்தாலும் சைக்கிளுக்குத் தாராளம்.

சைக்கிள்? மகள் 11-ஆம் வகுப்பு படிக்கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அவள் காலேஜுக்குப் போனதிலிருந்து வாசலில் நின்று துணி காய வைக்க உதவிக்கொண்டிருந்தது. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, முன்கூடையில் இருந்த வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, ஐப்பசி மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடியால அஞ்சரைக்குக் கிளம்பினேன். அந்த டி-சர்ட்டோடுதான்.

முதல் தடங்கல் முக்கு பேக்கரி.

"வண்டி என்னாச்சுங்ணா?" என்றான் டீ மாஸ்டர்.

"நல்லாத்தான் இருக்குது."

"பெட்ரோல் இல்லீங்களா?"

"இருக்குது."

டீயை ஆற்றினான். இன்னொரு தடவையும் ஆற்றினான். குரலைத் தாழ்த்தி, "போலீஸ்ல புடிச்சு வெச்சுட்டாங்களா?" என்றான்.

"சும்மாதானுங் தம்பி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகூட அரை ஷிப்ட் ஓடுகிற ஊரில், சும்மா என்றால் கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறான் என்று பொருள். டீக்குக் காசு கொடுத்தபோது, "அப்பறம் குடுங்ணா, பரவால்ல" என்றான். 26 வருசத்தில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

அடுத்தது சேவூர் ரோட்டில், டிவிஎஸ் எக்ஸெல்லில் பெரிய மாமா. பின்னால் ரெண்டு மூட்டை மாட்டுத் தீவனம். சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்ள, நீ ஏறு. சைக்கிள ஒரு கையில புடிச்சுக்க. எறக்கி உட்டர்றன்" என்றார். எங்கே இறக்கிவிடுவார் என்று கேட்கவில்லை. இறங்குகிற இடம் இல்லாமல் ஒரு மனுசன் புறப்படுவான் என்பது அவர் யோசனைக்கே வரவில்லை. அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பவே பத்து நிமிசம் ஆனது. போகும்போது, "தங்கச்சிகிட்ட நான் பேசறன், நீ கவலைப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சி என்றால் என் வீட்டுக்காரி.

மேற்கே திரும்பி இட்டேரிக்குள் நுழைந்தேன். சத்தம் சட்டென்று நின்றது. முந்தின நாள் மழையில் கிளுவை இலை விட்டிருந்தது. சிலந்தி வலை ஒன்று தடத்தின் குறுக்கே முழு அகலத்துக்கும் கட்டியிருந்தது. எனக்கு முன்னால் அன்றைக்கு யாரும் போகவில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? குனிந்து அதன் அடியில் சைக்கிளைத் தள்ளினேன். பழுத்த கோவைப்பழம் ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்த செம்போத்து என்னைப் பார்த்து, பறப்பதா வேண்டாமா என்று யோசித்து, நடந்தே போனது. சக்கரத்துக்கடியில் ஈர மண் பிசுக் பிசுக் என்றது. நானும் அந்த வெள்ளைக்காரர் மாதிரி சிரித்திருக்க வேண்டும்.

அப்புறம் டிராபிக் ஆரம்பித்தது.

முதலில் மயில்கள், ஏழு. தடம் தங்கள் பேரில் பட்டா ஆனதுபோல ஒதுங்காமல் முன்னால் நடந்தன. பெல் அடித்தேன். ஒன்று திரும்பிப் பார்த்துத் தோகையை விரித்தது. ஐப்பசியில் அதற்கு இருக்கிற நாலு இறகுக்கு அது தேவையில்லாத வேலை. மயில் முடிந்ததும் ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் தொரட்டியோடு ஓர் அம்மா.

"எந்தூருக்குப் போகோணும்?"

"எங்கியும் இல்லீங்."

"எங்கியும் போகாததுக்கு என்னத்துக்குச் சைக்கிளு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தடம் ஒரு குட்டைக் கரையில் போய் ஏறியது. குட்டையில் தண்ணீர்! அப்பிச்சி காலத்தில் நாங்கள் கிரிக்கெட் விளையாடிய குட்டை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துத் தண்ணீர். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற தண்ணீரில் ஒன்றரை டிஎம்சியைக் குழாயில் ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிற திட்டம். 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைத்தார்கள். அதற்கு முன்பும் இந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, 60 வருசமாக, மேடை மேடையாக. நேரில் பார்த்ததும் கரையில் சைக்கிளை நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்தேன். இந்தப் பக்கமும் ஒன்று, அந்தப் பக்கமும் ஒன்று.

தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து நாயும் நாய்க்குப் பின்னால் ஒரு பெரியவரும் வந்தார்கள்.

"நீங்க எந்த ஆபீசுங்?"

"ஆபீஸ் இல்லீங்க. பனியன் கம்பெனி."

"கம்பெனியா? இங்க கம்பெனி வருதுங்களா?"

"அய்யோ, இல்லீங்க."

"சாயப்பட்டறைங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சாயத் தண்ணீரால் நொய்யல் கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியானதும், 2011-இல் ஐகோர்ட் சொல்லித் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடியதும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் கெயில் குழாய் பதிக்க அளக்க வந்தார்கள். உயர்மின் கோபுரத்துக்கு அளக்க வந்தார்கள். அன்னூர்ப் பக்கம் தொழிற்பூங்கா என்றார்கள். இந்தப் பக்கம் எவன் வந்து நின்று நிலத்தைப் பார்த்தாலும், பின்னாலேயே ஒரு நோட்டீஸ் வரும் என்பது விவசாயியின் அனுபவம். காலங்காத்தாலே ஒருவன் நின்று போனைத் தூக்கி இரண்டு பக்கமும் படம் பிடித்தால் அவர் வேறென்ன நினைப்பார்?

"சும்மா சைக்கிள் ஓட்ட வந்தனுங்க" என்றேன்.

அவர் என் நெஞ்சைக் கூர்ந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"இதென்னுங், வீலு தனியாப் போகுது?"

இந்த மாவட்டத்தில் எல்லோருமே செக்கிங்தான்.

அந்தக் கணத்தில்தான் என் முன்சக்கரமும் உஸ் என்றது. சீமைக்கருவேல முள். ஒரு விரல் நீளம், டயரில் நெட்டுக்குத்தாக நின்றது. பெரியவர் அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார், டாக்டர் எடுத்த கல்லைக் கொடுப்பதுபோல. நாய்க்கு அப்போதுதான் என்மேல் நம்பிக்கை வந்தது. ஆபீசர் பஞ்சர் வண்டியில் வருவதில்லை போலும். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். வண்டி வராத வழியில், தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு லிப்ட் கொடுக்கவும் வண்டி வராது.

பொழுதோட ஒரு போன். தெரியாத நம்பர்.

"அண்ணா, வெடியால குட்டைக்கரை எடத்தப் பாத்தீங்களாமா? நம்ம கையிலதான் இருக்குதுங்ணா. பக்கத்துல அம்பது சென்ட் தனியாவும் பிரிச்சுத் தருவாங்க. எஃப்எம்பியில வண்டிப்பாதை தெளிவா இருக்குது."

"அந்த இட்டேரிங்களா?"

"அதேதானுங்ணா. ரெண்டு பக்கமும் கிளுவையத் தள்ளி எடுத்துப்போட்டு 23 அடிக்குத் தார் போட்டுக் குடுத்தர்றோம். கண்டெய்னரே திரும்பும்."

"அப்படியே உட்டா ஆகாதுங்களா?"

"அதெப்படிங்ணா, அப்படியே உட்டா யாரு வாங்குவா?"

நான் வந்து பார்த்துப் போனதிலேயே சென்ட்டுக்கு விலை ஏறியிருக்கிறது என்றும் சொன்னார். வாழ்க்கையில் என்னால் ஏதோ ஒன்றின் விலை ஏறியது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். மயில்கள் அதே இடத்தில். ஆடுகளும் அதே இடத்தில். அந்த அம்மா தொரட்டியை வேலியில் சாய்த்துவிட்டுத் தயாராக நின்றிருந்தார். கையில் ஒரு தூக்குப்போசி.

"நீங்கதான் எங்கியும் போறதில்லைன்னீங்களே. இதச் சொசைட்டில ஊத்திட்டு வந்தர்றீங்களா? ஆறரைக்குள்ள ஊத்தோணும். எம்பட பையன் இன்னும் எந்திரிக்கல."

முன்கூடையில் வைத்துக்கொண்டு மிதித்தேன். குட்டைக்கரைப் பெரியவர் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாய் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. சொசைட்டி முக்கில் பெரிய மாமா எக்ஸெல்லை நிறுத்தினார், போசியைப் பார்த்தார், முகம் தெளிந்து, "பாலு ஊத்தறியா மாப்ள? நல்லது நல்லது" என்று போய்விட்டார்.

இப்போது ஆறு வாரமாகிறது. நேற்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: எருமை ஒன்று கன்று போட்டிருக்கிறதாம், இனி ரெண்டு போசி.